சைக்கிள்காரனும் பனங்கட்டிக் குட்டானும்

சைக்கிள் உழக்கிக்கொண்டே வாயில் எதையாவது மென்றால் எங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். "றோட்டில தின்னுறது ஆற்ற பிள்ளை?" என்று அம்மம்மா கேட்பா. சாப்பாடு என்றால் ஓரிடத்தில் இருந்து, சோறு போட்டு, கறி விட்டுச் சாப்பிடவேண்டும். அப்படி வளர்ந்த பெடியள் இப்போது சனி, ஞாயிறுகளில் 80, 100 கிலோமீற்றர் என்று வெளிக்கிடுகிறார்கள். பாதி வழியில் சுருண்டு போகிறவர்கள் வெயிலையும் சைக்கிளையும் குறை சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் குற்றவாளி இந்தக் கூச்சம்தான். நானே பட்டுத்தான் சொல்கிறேன்.

2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தவர்களில் நானும் ஒருவன். வரிசைகள் போய்விட்டன, சைக்கிள் மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த வருடம் ஆடி மாதம் இரண்டு கூட்டாளிகளோடு ஆனையிறவுக்கு வெளிக்கிட்டேன். போகவர 100 கிலோமீற்றர் சொச்சம். காலமை ஒரு பிளேன்ரீ, இரண்டு பிஸ்கற். வயிறு பாரமாக இருந்தால் உழக்க ஏலாது என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தேன், வழியில் தின்னவும் கூச்சம். கொடிகாமம் வரை சோழகக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டது. ஆனையிறவில் படம் எடுத்தோம், தண்ணீர் குடித்தோம், திரும்பினோம்.

எழுதுமட்டுவாள் தாண்டியபோது கால் கனத்தது. அதைக் களைப்பு என்று நினைத்தேன். மிருசுவில் வரும்போது நல்ல உச்சி வெயிலில் கை குளிர்ந்து வியர்த்தது. கூட்டாளி ஏதோ பகிடி விட, காரணமே இல்லாமல் அவன்மேல் எரிந்து விழுந்தேன். ஏ9 வீதியின் கட்டைகள் கண்டியிலிருந்து எண்ணிக்கொண்டு வருபவை. ஒரு கட்டையைப் பார்த்து, வீட்டுக்கு இன்னும் எவ்வளவு என்று மனதுக்குள் கழித்துப் பார்க்கிறேன், கணக்கு வரவே இல்லை. ஏ.எல்.லில் கணிதம் படித்தவன்!

ஒரு பெட்டிக்கடை வாசலில் இறங்கினேன், விழுந்தேன் என்றும் சொல்லலாம். கடைக்கார அம்மா எட்டிப் பார்த்தா.

"தம்பி, இதில இருங்கோ. காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"பிளேன்ரீ…"

"அப்ப என்னத்துக்கு வெளிக்கிட்டனீங்கள்?"

சீனி மூன்று கரண்டி போட்ட தேத்தண்ணியும் இரண்டு கதலியும் தந்தா. கால் மணித்தியாலத்தில் தலைக்குள் வெளிச்சம் வந்தது. ரீசேட்டைப் பார்த்தால் நெஞ்சிலும் முதுகிலும் வெள்ளை வெள்ளையாக உப்பு. உப்பளம் இருக்கிற இடத்துக்குப் போய், உடம்பில் இருந்த உப்பையும் கொட்டிவிட்டு வந்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

பிறகு தேடி வாசித்தபோதுதான் விசயம் விளங்கியது. நாங்கள் சாப்பிடும் மாச்சத்தில் (கார்போஹைட்ரேட்) ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜனாகத் தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கிறது. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 500 கிராம்தான். மூச்சு வாங்க உழக்கினால் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் அடி தெரியத் தொடங்கும். கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் (எனக்குத் தாராளமாக இருக்கிறது) அதை எரித்துச் சக்தி எடுப்பது மெதுவான வேலை, வேகமாகப் போகிறவனுக்குக் காணாது. இரத்தத்தில் சீனி விழுந்தால் மூளையும் பட்டினி. என் கழித்தல் கணக்குப் பிழைத்தது அதனால்தான்.

அதனால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேலே போகிற ஓட்டம் என்றால் மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து உள்ளே போகவேண்டும் என்பது பொதுவான கணக்கு. நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவில் இருக்கும், எங்கள் கதலி சின்னன் என்றபடியால் இரண்டாக எடுங்கள். முதல் வாய் முதல் மணித்தியாலத்துக்குள்ளேயே போகவேண்டும், பசி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வர இதெல்லாம் தேவையில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சீனி வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் இந்தப் பதிவைப் பார்த்து ஒன்றும் செய்யாதீர்கள்.

இதையெல்லாம் அப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் சிரித்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யுத்தத்தில் ஆனையிறவால் போக முடியாத காலத்தில், கிளாலியில் சைக்கிளையும் படகில் ஏற்றி, அக்கரையில் இறங்கி வவுனியா வரை உழக்கினவர் அவர். கரியரில் சாமான், ஹாண்டிலில் ஒரு சீலைப் பை. பைக்குள் பனங்கட்டிக் குட்டானும் (சின்ன ஓலைப் பெட்டியில் வார்த்த பனைவெல்லம்) அரிசிமா உருண்டையும். "பசிச்சாப் பிறகு திண்டு பிரயோசனமில்லை" என்றார். அவர் எந்த ஆய்வையும் வாசித்தவர் இல்லை.

பனங்கட்டியின் இனிப்பில் பெரும்பங்கு சுக்குரோஸ். அது குடலில் குளுக்கோஸ் பாதி, பிரக்டோஸ் பாதியாக உடையும். இரண்டும் உள்ளே போவது வேறு வேறு வாசலால். அதனால் ஒன்றை மட்டும் தின்பதைவிட இரண்டும் கலந்தால் மணித்தியாலத்துக்குக் கூடுதலாக உறிஞ்சலாம். வெளிநாட்டில் காசு கொடுத்து வாங்குகிற ஜெல் பக்கற்றுக்குள்ளும் பெரும்பாலும் இதே மாதிரிக் கலவைதான். ஜெல் வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, பிய்த்து வாயில் விட லேசு. ஆனால் அது இல்லாமல் ஓட முடியாது என்கிற கதையை ஏற்கமாட்டேன்.

ஐரோப்பாவில் தொழில்முறையாகச் சைக்கிள் ஓடுகிறவர்கள் சோற்றை இனிப்போடு குழைத்து, தட்டில் அழுத்தி, துண்டு வெட்டி, தாளில் சுற்றி முதுகுப் பொக்கற்றில் வைத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்ததும் எனக்கு அது புக்கையாகத்தான் (பொங்கல்) தெரிந்தது! இப்போது முதல் நாள் இரவே சர்க்கரைப் புக்கையை இறுக்கமாகக் கிண்டி, ஆறவிட்டு, துண்டு போடுகிறேன். தேங்காய்ப்பால் விடுவதில்லை, வெயிலில் பழுதாகிவிடும். கயுவும் நெய்யும் இல்லை, கொழுப்பு வயிற்றில் மந்தமாகக் கிடக்கும். பயறும் பேருக்குத்தான். அம்மா ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, "இதைப் புக்கை எண்டு வெளியில சொல்லிப்போடாத" என்றா. சரி, சொல்லவில்லை.

புழுக்கொடியலை (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) ஒருமுறை கொண்டு போய்ப் பார்த்தேன். அதைக் கடித்து முடிப்பதற்குள் சாவகச்சேரி வந்துவிட்டது. ரோல்ஸ், வடை எல்லாம் திரும்பி வந்து, காலை நீட்டி இருந்து தின்ன வேண்டியவை. பனாட்டு (பனம்பழக் களியைக் காயவைத்தது) நல்லது, சின்னத் துண்டாக வெட்டி வைத்தால் சப்பிக்கொண்டே போகலாம்.

குடிக்கிற விசயத்தில்தான் எங்கள் ஆட்கள் கூடப் பிழை விடுகிறார்கள். ஒரு பகுதி குடிப்பதே இல்லை. மற்றப் பகுதி வெறும் தண்ணீரை லீற்றர் கணக்கில் ஊற்றுகிறது, அதுவும் ஆபத்து. 2002 பொஸ்டன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 வீதத்தினருக்குச் சோடியம் இருக்கவேண்டிய அளவுக்குக் கீழே இருந்தது. ஓடும்போதே நிறை கூடுகிற அளவுக்குக் குடித்தவர்கள்தான் அதில் கூட அகப்பட்டார்கள். உங்கள் கணக்கை அறிய ஒரு வழி இருக்கிறது: போக முதலும் வந்த பிறகும் நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் குடித்ததற்கு மேலே ஏறக்குறைய ஒரு லீற்றர் போயிருக்கிறது. நிறை கூடியிருந்தால் தேவைக்கு மேலே குடித்திருக்கிறீர்கள்.

இளநீரை எல்லாவற்றுக்கும் மருந்து என்று நினைக்கிறோம். நானும் விடமாட்டேன், ஆனால் அதில் பொட்டாசியம்தான் கூட. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஆகவே உப்பு ஒரு சிட்டிகை போட்டுக் குடியுங்கள். என் போத்தலில் போவது தேசிக்காய்த் தண்ணிதான்: லீற்றருக்குச் சீனி 40, 50 கிராம், உப்புக் கால் தேக்கரண்டி, அரைத் தேசிக்காய். மோரைப் போத்தலில் அடைத்துக்கொண்டு போகவேண்டாம். நாவற்குழியில் நான் மூடியைத் திறந்தபோது அது என் முகத்துக்கே வந்தது.

இன்னொன்று, சீனித் தண்ணி விட்ட போத்தலை வந்தவுடன் சுடுதண்ணியில் கழுவுங்கள், வாய்ப்பகுதியைக் கழற்றி உள்ளுக்குள்ளும் தேயுங்கள். போன கிழமை அலுப்பில் சைக்கிளிலேயே விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். விடியப் பார்த்தால் ஹாண்டிலில் இருந்து பின்சில்லு வரைக்கும் எறும்பு.