சாவி திருடப்படவில்லை

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-83 பிளஸ் கால்குலேட்டருக்குள், அதன் இயங்குதளக் கோப்பு நிறுவனத்துடையதுதான் என்று கையொப்பமிடும் ரகசியச் சாவி (ஓர் எண்) இருந்தது, 2009-இல் அதைத்தான் உருவி எடுத்தார்கள் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அப்படியல்ல.

கையொப்பத்தைச் சரிபார்க்க, ரகசியச் சாவியின் இணையான பொதுச் சாவியே போதும். கருவியில் இருப்பதும் அது மட்டுமே. கையொப்ப எண்ணை அடுக்கேற்றி, பொதுச் சாவி எண்ணால் வகுத்து, மீதியை இயங்குதளக் கோப்பின் எம்டி5 மதிப்போடு (கோப்பிலிருந்து கணக்கிடப்படும் சுருக்க எண்) கருவி ஒப்பிடுகிறது. ஒத்துப்போகாவிட்டால் கோப்பை ஏற்காது. உடைந்ததற்குக் காரணம் சாவி குட்டை என்பதே, வெறும் 512 பிட். பொதுச் சாவி எண் இரண்டு பகா எண்களின் பெருக்கல்; அவற்றைப் பிரித்தெடுத்தால் (காரணிப்படுத்தினால்) ரகசியச் சாவியைக் கணக்கிட்டுவிடலாம். அந்த அளவு எண்ணை 1999-இலேயே காரணிப்படுத்திவிட்டார்கள். 2009-இல் ஓர் ஆர்வலர் சொந்தக் கணினியிலேயே இந்தக் கால்குலேட்டரின் எண்ணைக் காரணிப்படுத்தினார்.

சந்தேகமிருந்தால், அப்போது வெளியான இரண்டு பகா எண்களையும் பைத்தான் நிரல்மொழியில் பெருக்குங்கள்: கருவியிலுள்ள பொதுச் சாவி எண்ணே விடையாக வரும். அதே கால்குலேட்டரில் முயல வேண்டாம், பத்து இலக்கத்துக்கு மேல் காட்டாது.