132,255 விருப்பு வாக்குகளுக்கு நடந்தது என்ன?

2013 செப்டெம்பர் 21. இலங்கையின் வடக்கு மாகாணத்துக்கென்று தனியாக ஒரு மாகாண சபைத் தேர்தல் நடந்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு இன்றுவரை நடக்கவில்லை.

அன்று யாழ்ப்பாண மாவட்டத்தில், முதலமைச்சராக வந்த விக்னேஸ்வரன் ஐயாவுக்கு விழுந்த விருப்பு வாக்குகள், அதாவது வேட்பாளருக்கென்று தனியாக இடும் வாக்குகள், 132,255. முதலமைச்சர் வேட்பாளராக மாவை சேனாதிராசாவைத்தான் கட்சிக்காரர் பலர் எதிர்பார்த்திருந்தார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தன் ஐயாவோ ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதியரசரான விக்னேஸ்வரன் ஐயாவைக் கொழும்பிலிருந்து அழைத்து வந்தார். அதற்கு முதல் ஒரு தேர்தலிலும் நின்றிராதவர். இரண்டாவதாக வந்த அனந்தி சசிதரனுக்கு 87,870. வாக்களிப்புக்கு முதல்நாள் அதிகாலை அனந்தியின் வீட்டைத் தாக்கினார்கள். வாக்களிப்பு நாள் விடிந்ததும் அவர் அரசாங்கத்தோடு சேர்ந்துவிட்டார் என்று போலி உதயன் பத்திரிகை ஒன்று கைக்குக் கை போனது. சனம் அதை நம்பவில்லை. போய் கூட்டமைப்பின் வீட்டுச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டது. 38 ஆசனங்களில் 30 கூட்டமைப்புக்கு!

இப்படி ஒரு ஆணை எங்கட தலைமுறையில் வேறு எவருக்கும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

சபைக்கு அதிகாரம் இல்லை என்பது உண்மை. காணி, பொலிஸ் அதிகாரங்கள், மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் எழுத்தில் மட்டும் இருக்கின்றன. ஆரம்பத்தில் ஆளுநராக இருந்தவர் முன்னாள் இராணுவ அதிகாரி. முதலமைச்சர் நிதியத்துக்குக் கடைசிவரை ஒப்புதல் கிடைக்கவில்லை. புலம்பெயர்ந்த உறவுகளின் உதவியை முறையாக உள்ளே கொண்டுவரக்கூடிய வழி அப்படியே அடைபட்டது. இதற்கெல்லாம் ஐயாவைக் குறை சொல்வது அநியாயம். தமிழருக்கு நடந்தது இனவழிப்பு என்று 2015 பெப்ரவரியில் சபையில் நிறைவேறிய தீர்மானமும் சொல்லப்பட வேண்டிய ஒன்று. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் கல்வி, சுகாதாரம், விவசாயம், உள்ளூராட்சி எல்லாம் மாகாண சபையின் கையில்தானே இருந்தன? அவற்றில் இன்னும் எத்தனையோ நியதிச்சட்டங்களை, அதாவது மாகாண சபை இயற்றும் சட்டங்களை, செய்திருக்கலாம். 2017 ஜூனில் அமைச்சர்கள் மீதான விசாரணை அறிக்கை வந்தது, அதைத் தொடர்ந்து சொந்தக் கூட்டமைப்பு உறுப்பினர்களே ஐயாவுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தோடு ஆளுநரிடம் போனார்கள். பிறகு அது கைவிடப்பட்டது, உடைந்த உறவு ஒட்டவில்லை. இரண்டு பக்கமும் வீம்பு பிடித்ததற்கு விலை கொடுத்தது வாக்குப் போட்ட சனம்.

2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிய, ஐயா தமிழ் மக்கள் கூட்டணியைத் தொடங்கினார். 2020 பொதுத் தேர்தலில் அவருடைய அணிக்கு மாவட்டம் முழுவதிலும் கிடைத்தது 35,927 வாக்கு, ஒரே ஒரு ஆசனம். ஏழு வருடத்துக்கு முதல் அவருக்கு மட்டும் விழுந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவர் நேர்மையற்றவர் என்று சனம் நினைத்ததாக நான் நம்பவில்லை. பேச்சுக்குப் பின்னால் வேலையைத் தேடியது, காணவில்லை.

இதைவிட மோசமானது இப்போதைய நிலைமை. மாகாண சபைகளின் புதிய தேர்தல் முறைக்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018இல் தோற்கடித்தது. அன்றிலிருந்து அந்தச் சாட்டில் தேர்தல் இழுபடுகிறது, மாகாணத்தை ஆளுநர் நடத்துகிறார். பழைய விகிதாசார முறையிலாவது தேர்தலை வையுங்கள் என்று எங்கட கட்சிகள் எல்லாம் ஒரே குரலில் நெருக்க வேண்டும். வேட்பாளராக வருகிறவர் முதல் வருடத்தில் எந்தெந்த நியதிச்சட்டங்களைக் கொண்டுவருவார் என்று எழுதித் தரட்டும். பிறகு வாக்குக் கேட்கட்டும்.