குழந்தை செய்த பிள்ளையாரில் கை வைக்காதீர்கள்

சதுர்த்தி நெருங்கினாலே பெங்களூரில் அடுக்ககத்துக்கு அடுக்ககம் குழந்தைகளுக்குக் களிமண் பிள்ளையார் செய்யச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலை கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. சிலைகளைக் கரைக்கும் அல்சூர் ஏரியைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு அதன் காரணத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் வகுப்பு முடிந்து மேசையில் வரிசையாக வைக்கும்போது பாருங்கள். எல்லாப் பிள்ளையாரும் ஒரே மாதிரி இருப்பார். போட்டோ எடுக்கும் முன்பு பெரியவர்கள் ஒரு சுற்று வந்து காதை நிமிர்த்தி, தும்பிக்கையை வளைத்துச் சரி செய்துவிடுகிறார்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனாலும் இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். "நீ செய்தது போதாது" என்று அந்தக் குழந்தைக்கு யாரும் வாயால் சொல்லவில்லை, கையால் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் களிமண்ணைப் பாட்டரி டவுனில் வாங்குவோம். பென்சன் டவுன் பக்கம், தலைமுறையாகச் சக்கரம் சுற்றும் குடும்பங்கள் இருக்கும் இடம். பழைய செய்தித்தாளை விரித்துக் குடும்பமே தரையில் உட்கார்ந்துவிடும். வீட்டில் ஒரே ஒரு விதிதான்: அவரவர் பிள்ளையாரை அவரவர்தான் தொடலாம்.

ஆறு வயது மகள் போன வருஷம் முதலில் செய்தது மூஞ்சூறு. அதுவும் பிள்ளையாரைவிடப் பெரிதாக. "ஏன்டா கண்ணு இவ்ளோ பெருசு?" என்று மாமனார் கேட்டார். "பெருசா இல்லன்னா தொப்பையோட எப்படி உக்காருவார் தாத்தா? நசுங்கிடாதா?" என்றாள். யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டது நியாயம்தானே!

தும்பிக்கை விழுந்தது. திரும்ப ஒட்டினாள், திரும்பவும் விழுந்தது. என் கை பரபரத்தது உண்மை. ஆனால் மாமனார் அவள் பக்கம் திரும்பவே இல்லை. தன்னுடைய பிள்ளையாரை எடுத்து, தும்பிக்கை சேரும் இடத்தில் ஈர்க்குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினார். தும்பிக்கையின் அடியிலும் அதேபோல் கீறி, தண்ணீரில் குழைத்த களிமண்ணைத் தடவி அழுத்தினார். வழவழப்பான இரண்டு பரப்பும் ஒன்றையொன்று பிடிக்காது, சொரசொரப்பாக்கினால்தான் பிடிக்கும். அவள் பார்த்தாள், ஈர்க்குச்சியைக் கேட்டு வாங்கினாள், அவ்வளவுதான். கூட உட்கார்ந்து செய்வது என்றால் எனக்கு இதுதான் அர்த்தம். வேண்டிய வித்தை பெரியவர் கையில் கண்ணெதிரே இருக்க வேண்டும், எடுத்துக்கொள்வது குழந்தையின் விருப்பம்.

பதிமூன்று வயது மகனைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை வந்தது. போனில் ஒரு படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதே மாதிரி வரவில்லை என்று பிசைந்து பிசைந்து உருண்டையாக்கிக்கொண்டே இருந்தான். தங்கை வயதில் அவனும் யானைக்கு ஆறு கால் வைத்தவன்தான். நடுவில் எத்தனை கலரிங் புத்தகம், எத்தனை ஓவியப் போட்டி, "கோட்டைத் தாண்டாதே" என்று எத்தனை குரல். பயம் பிறவியிலேயே வருவதில்லை, அதை நாம்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுகிறோம். அன்றைக்கு அவனை வழிக்குக் கொண்டுவந்தது தங்கையின் மூஞ்சூறுதான். போனை ஓரமாக வைத்துவிட்டு, அதற்கு மீசை வைக்கலாமா என்று அவளிடம் அனுமதி கேட்டான்!

பயமில்லாமல் தொடங்கக் களிமண்ணைப் போல ஒத்துழைக்கும் பொருள் குறைவு. விலையும் அதிகமில்லை, கெட்டுப்போனால் திரும்பப் பிசையலாம். சூளையில் சுடாத வரை அதற்கு மீட்சி உண்டு. சொல்லப்போனால் நன்றாகக் காய்ந்த மண்தான் அரைஈர மண்ணைவிடச் சீக்கிரம் தண்ணீரில் கரையும். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை வடித்துவிட்டால் அதே மண் மறுபடியும் கைக்கு வரும். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். வெளிப்புறம் முந்திக் காய்ந்து விரிசல் விடும், நிழல்தான் நல்லது. அப்புறம், கண்ணுக்குக் குன்றிமணி வைக்கும் வழக்கம் இருக்கிறது. அதன் விதை மென்றால் கடும் விஷம். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் மிளகு போதும்.

பூஜை அன்று மனைப்பலகையில் மகள் செய்ததுதான் இருந்தது. "சாமி அங்கலட்சணமா இருக்க வேண்டாமா?" என்று வந்திருந்த பெரியம்மா ஒருவர் தயங்கினார். மரியாதையாகத்தான் பதில் சொன்னேன். எந்தப் பூஜை ஆனாலும் முதலில் ஒரு பிடி மஞ்சளைக் குழைத்துப் பிடித்து, அறுகம்புல் வைத்துப் பிள்ளையார் என்கிறோம். அதற்குக் காது உண்டா, தும்பிக்கை உண்டா? மார்கழியில் வாசலில் சாணம் பிடித்து வைத்துப் பூசணிப்பூ செருகுகிறோமே, அதில் முகம் தேடுகிறோமா? பிடித்து வைத்தால் வந்து உட்காருகிறவர் அவர். பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தான் கொண்டுவந்த எருக்கம்பூ மாலையை அவருக்கே போட்டார்.

பக்கத்து கன்னட வீட்டில் முதல் நாளே கௌரி பூஜை நடப்பதைப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் கௌரியும் செய்யப் போவதாக மகள் சொல்லியிருக்கிறாள். எப்படிச் செய்வது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. மண் மட்டும் கூடுதலாக வாங்க வேண்டும்.