எந்த எட்யூட் கஷ்டம் என்பதை எதை வைத்துச் சொல்வது?

பியானோ இசையமைப்பாளர் ஷோபினின் எட்யூட்களில், அதாவது ஒரு குறிப்பிட்ட வாசிப்பு நுட்பத்தைப் பழகவென்று எழுதிய சிறு இசைத் துண்டுகளில், எது ரொம்பக் கஷ்டம் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, 'குளிர்காலக் காற்று' என்று பெயர் ஒட்டிக்கொண்ட ஓபஸ் 25-இன் (ஓபஸ் என்பது படைப்பின் வெளியீட்டு எண்) 11-ஆம் எண். இன்னொன்று, 'புரட்சி' என்று எல்லோரும் சொல்லும் ஓபஸ் 10-இன் 12-ஆம் எண். இரண்டுமே புயல் மாதிரி ஒலிப்பவை. கேட்பவர்கள் காதால் அளக்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் வாசிப்பவர்களும் அப்படியே அளப்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

'புரட்சி'யையே எடுத்துக்கொள்வோம். இடது கை மேலும் கீழுமாக ஓடிக்கொண்டே இருக்கிறது, உண்மை. ஆனால் அந்த ஓட்டம் கையின் அமைப்போடு ஒத்துப்போகிறது. சத்தமும் பெடலும் துணைக்கு இருப்பதால் ஒரு சுரம் நழுவினாலும் வெளியே தெரியாது. ஒரு மாதம் தொடாமல் விட்டுவிட்டுத் திரும்ப உட்கார்ந்தால் எனக்கு இரண்டு நாளில் வந்துவிடும்.

அதே ஓபஸ் 10-இல் 2-ஆம் எண், ஏ மைனர். காகிதத்தில் பார்த்தால் சாதுவாக இருக்கும். மொத்தம் 49 பார் (தாளக் கட்டம்), ஷோபின் குறித்தபடி நிமிடத்துக்கு 144 தட்டு வேகத்தில் வாசித்தால் ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. வலது கையின் நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றும் ஒன்றையொன்று தாண்டித் தாண்டி அரைச் சுரமாக ஏறி இறங்க வேண்டும். அதே கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒவ்வொரு தட்டிலும் கீழே சுருக்கமாக ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) தொட்டுவிட்டு விலக வேண்டும். மேலே ஓடும் சுர இழை எங்கும் அறுந்துவிடக் கூடாது. ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட பத்து சுரம், அதுவும் மெதுவான சத்தத்தில். இந்த விரல் வரிசை சாதாரணமானது இல்லை என்பது ஷோபினுக்கே தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஏறக்குறைய ஒவ்வொரு சுரத்துக்கும் மேலே விரல் எண்ணைத் தானே எழுதி வைத்தார்.

வாசிக்கும்போது என் கையைக் கவனித்திருக்கிறேன். முதல் பக்கம் சரியாகப் போகும். அப்புறம் மோதிர விரலைத் தாண்டி நடுவிரல் போகிற இடத்தில் சுண்டுவிரல் தானாக மேலே தூக்கிக்கொள்ளும். அது தூக்கினால் மணிக்கட்டு இறுகும், மணிக்கட்டு இறுகினால் முழங்கை வரை கல்லாகிவிடும். இந்த விரல்களின் தசைநாண்கள் புறங்கையில் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் தனியாகத் தூக்க உடம்பே விடாது. எத்தனை வருடம் பழகினாலும் இந்த இணைப்பு போகாது. ஒரு மாதம் விட்டுவிட்டு வந்தால் இந்த எட்யூட் என்னை முதல் பாரிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறது.

என் அளவுகோல் இதுதான்: ஒன்றைக் கற்க எவ்வளவு நாள் ஆனது என்று பார்ப்பதைவிட, கற்ற பிறகு அது எவ்வளவு நாள் நம்மிடம் தங்குகிறது என்று பார்க்க வேண்டும். இன்னொரு பியானோ இசையமைப்பாளரான ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் எட்யூட் தொகுப்பில் வரும் 'மசெப்பா'வைப் படித்து மனதில் ஏற்றவே மாதங்கள் பிடிக்கும், ஏறிவிட்டால் ஓரளவு நிற்கும். அதே தொகுப்பில் அதற்கு அடுத்து வரும் 'ஃபூ ஃபொல்லே' அப்படி இல்லை. இரட்டைச் சுரங்கள் பூப்போல மெல்ல விழ வேண்டும், கை கொஞ்சம் கனத்தால் போச்சு. இந்தத் தொகுப்பின் 1837-ஆம் ஆண்டு வடிவம் இன்னும் பயங்கரம். 1852-இல் வெளிவந்த வடிவத்தில் லிஸ்ட்டே பல இடங்களை இலகுவாக்கினார். இலகுவாக்கியதுதான் இன்று எல்லோரும் வாசிப்பது!

கை அளவையும் சொல்லியே ஆக வேண்டும். ஓபஸ் 10-இன் முதல் எட்யூடில் வலது கை பத்தாம் சுரம் வரை விரிந்துகொண்டே போகிறது. பெரிய கைக்காரர் அதை நல்ல உடற்பயிற்சி என்பார், சிறிய கைக்காரருக்கு அது காயத்தில் போய் முடியலாம். இன்றைய பியானோவில் ஒரு ஆக்டேவ் (ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரையிலான தூரம்) சுமார் 16.5 செ.மீ. அகலம். 15.2 செ.மீ., 14 செ.மீ. அளவில் குறுகிய கட்டைகள் கொண்ட பியானோக்களும் இப்போது செய்கிறார்கள். புகழ்பெற்ற பியானோ கலைஞர் யோசஃப் ஹாஃப்மனுக்கே ஸ்டைன்வே நிறுவனம் சற்றுக் குறுகிய கட்டைகள் வைத்துப் பியானோ செய்து கொடுத்தது. கட்டையின் அகலம் மாறினாலே 'எது ரொம்பக் கஷ்டம்' என்று போடும் பட்டியலின் வரிசையும் மாறும் என்றால், யாருடைய கையை நினைத்து அந்தப் பட்டியலைப் போட்டார்கள்? தவிர, ஷோபின் விரும்பி வாசித்த பிளெயெல் பியானோவின் கட்டைகள் இன்றுள்ளவற்றைவிட லேசானவை, அழுத்தும் ஆழமும் குறைவு. அந்தப் பியானோவுக்காகக் குறித்த 144-ஐ இன்றைய கனத்த கட்டையில் எட்ட முடியவில்லை என்று ஒரு மாணவர் அழுதால், பாவம், அவர் மேல் என்ன தப்பு?

எனக்கு உண்மையான கோபம் வருவது தேர்வுப் பட்டியல்களைப் பார்க்கும்போதுதான். 'ஷோபின் எட்யூட் ஏதேனும் ஒன்று' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரியை நம்பி 10-2-ஐ எடுத்த பிள்ளையும் 10-12-ஐ எடுத்த பிள்ளையும் ஒரே மேடையில் உட்காருகிறார்கள். முதல் பிள்ளையின் மெல்லிய வாசிப்பில் ஒரு சுரம் விட்டுப்போனாலும் அறை முழுக்கக் கேட்கும்.

நான் இப்போது 10-2-ஐ 108 வேகத்தில் வாசிக்கிறேன். தினமும் பத்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. கார்டுகளை விட்டுவிட்டு மேல் இழையை மட்டும், சுண்டுவிரல் கட்டையை விட்டு எழும்பாமல். நேற்று 30-வது பார் வரை எழும்பவில்லை.