ஊசி சர்க்கஸுக்காக அல்ல

ஆஷிக்குகள் என்போர் சாஸ் என்ற நரம்பு வாத்தியத்தை மீட்டிப் பாடும் துருக்கிப் பாடகக் கவிஞர்கள். “அவர்களின் மேடைப் போட்டி முழுக்க மனப்பாடம், உதட்டில் ஊசி வைப்பது சர்க்கஸ்” என்று நினைப்பது தவறு. பழைய கதைப்பாடல்களைப் பார்த்து அப்படி நினைத்திருக்கலாம்; அவற்றில் வரும் பாட்டுகள் பெரும்பாலும் மனப்பாடம்தான். அதிஷ்மா எனும் போட்டி வேறு.

போட்டியில் ‘அயாக்’ என்ற இயைபை அவையோர், அல்லது மூத்த ஆஷிக் ஒருவர், அங்கேயே கொடுப்பார். ஒவ்வொரு நாலடிக் கண்ணியின் கடைசி அடியும் அதில் முடிய வேண்டும். அடிக்குப் பெரும்பாலும் 8 அல்லது 11 அசை. 11 என்றால் 6+5 என்றோ 4+4+3 என்றோ பிரியும். எதிராளி பாடும்போதும், சாஸ் வாத்தியத்தை மீட்டும் இடைவெளியிலும்தான் அடுத்த கண்ணி உருவாகும். ஒத்து ஒலிக்கும் சொற்கள் குறைவாக உள்ள ‘குறுகிய அயாக்’ விழுந்தால் இயைபு தீர்ந்துபோகும். அதற்கு மேல் பாட முடியாதவர் தோற்றார்.

லெப்தெய்மெஸ் (உதடு படாத) சுற்றில் உதடுகளுக்கு நடுவே ஊசி நிற்கும். ப (துருக்கியின் b, p இரண்டும்), ம, வ, ஃப ஒலிகள் வந்தால் குத்தும். உதடு ஒட்டாத சொற்களாலேயே பாடும் நம் நிரோட்டகச் செய்யுளின் தூரத்துச் சொந்தம் எனலாம், ஆனால் இங்கே எழுதிப் பார்க்க நேரமில்லை. துருக்கியில் ‘நான்’ என்பதே ‘பென்’. ‘வந்தேன்’ ‘கெல்திம்’ என்று மகரத்தில் முடியும். ‘வந்தோம்’ என்றால் ‘கெல்திக்’; அது தப்பிக்கும். அதாவது தன்னைப் பற்றிப் பாடவே இலக்கணத்தைச் சுற்றிப் போக வேண்டும். ஊசி நடுவர் மட்டுமே.

இன்னொன்று: 2009இல் யுனெஸ்கோ ஆஷிக் மரபைச் சேர்த்தது அருவப் பண்பாட்டு மரபுகளின் பிரதிநிதித்துவப் பட்டியலில். அழியும் நிலையில் உள்ள மரபுகளுக்கான அவசரப் பாதுகாப்புப் பட்டியல் வேறு.