கடல் சாமந்தியைக் கடைசியாக வாங்குங்கள்

உப்புநீர் டேங்க் வைக்கும் ஆசை பலருக்கும் ஒரே காட்சியில்தான் தொடங்குகிறது. பூப்போல அசைந்தாடும் அனிமோன் என்ற கடல் விலங்கு, அதன் மடியில் புரளும் க்ளவுன் மீன். டேங்க் ஓடத் தொடங்கிய இரண்டாவது மாதமே இரண்டையும் ஒன்றாக வாங்கி விட்டுவிடுகிறார்கள். மீன் பிழைத்துக்கொள்கிறது. அனிமோன் என்கிற கடல் சாமந்தியோ சில வாரங்களில் சுருங்கிக் கரைந்துபோகிறது. பிறகு "அது வீட்டில் வளராது" என்று பழி அதன் மேலேயே விழுகிறது. என்னைக் கேட்டால், டேங்குக்குள் கடைசியாக வரவேண்டிய உயிர் கடல் சாமந்திதான். ஆறு மாதம் காத்திருங்கள் என்பார்கள். எனக்கு அதுவே குறைவாகப் படுகிறது. ஒரு வருடம் ஓடிய டேங்க் என்றால் மனசு ஒப்பும்.

இது அற்பாயுசு உயிர் இல்லை. ஸ்காட்லாந்துக் கடற்கரையில் 1828-இல் ஜான் டேலியல் என்ற இயற்கை ஆய்வாளர் எடுத்துவந்த ஒரு சாமந்தி, கண்ணாடி ஜாடியிலேயே 1887 வரை வாழ்ந்தது. அதற்குப் பெயரே 'கிரானி', அதாவது பாட்டி. டேலியல் 1851-இல் இறந்த பிறகும் அது கைமாறிக் கைமாறி வாழ்ந்தது. அது குளிர்கடல் இனம், நாம் வளர்ப்பவை வெப்பக்கடல் இனங்கள் என்பது உண்மை. ஆனாலும் பல்லாண்டு வாழக்கூடிய ஒன்றை ஒரே மாதத்தில் சாகவிடுகிறோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

ஏன் காத்திருக்க வேண்டும்? கழிவிலிருந்து வரும் நச்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர நான்கைந்து வாரம் ஆகும். அதோடு டேங்க் தயார் என்று நினைத்துவிடுகிறோம். அப்போது தயாராகியிருப்பது அந்த நச்சை மாற்றும் பாக்டீரியா மட்டும்தான். நைட்ரேட், பாஸ்பேட், காரத்தன்மை எல்லாம் அதன்பிறகும் மாதக்கணக்கில் ஏறி இறங்கும். பழுப்புப் பாசி வந்து போகும், பச்சைப் பாசி வந்து போகும். மீனுக்குச் செதிலும் சிறுநீரகமும் இருப்பதால் ஓரளவு சமாளிக்கும். சாமந்திக்கு எலும்பும் கிடையாது, ஓடும் கிடையாது. டேங்க் தண்ணீரை உள்ளே நிரப்பித்தான் அது நிமிர்ந்தே நிற்கிறது. தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது அதன் உடம்புக்குள்ளும் இருக்கிறது.

எண்களைச் சொல்லிவிடுகிறேன். உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது அடர்த்தி எண் 1.026-ஐ ஒட்டி. வெப்பம் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ். காரத்தன்மை, அதை அளக்கும் டிகேஹெச் அலகில், 8 முதல் 10. அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். நைட்ரேட் 10 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 10 பங்கு). இந்த எண்களைத் தொடுவதைவிட அவற்றில் நிலைத்து நிற்பதுதான் கடினம். 100 லிட்டர் டேங்கில் 5 லிட்டர் ஆவியானால் உப்பு 35-இலிருந்து ஏறக்குறைய 37-க்குப் போய்விடும், ஏனென்றால் ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால் குறைந்ததை ஈடுகட்ட ஆர்ஓ-டிஐ முறையில் தாதுக்களை நீக்கிய நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புநீரை அல்ல. தானாக நிரப்பும் ஆட்டோ டாப்-அப் கருவி இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் சரிபார்க்காமல் 35 பிபிடி கரைசலில் சரிபாருங்கள். இரண்டு எண் தப்பாகக் காட்டும் கருவியை நம்பி மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் நிறைய. தாமிரம் கலந்த மீன் மருந்து இந்த டேங்கில் ஒரு சொட்டுகூட விழக்கூடாது. மீனுக்கு நோய் என்றால் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். பழைய டேங்க் வாங்கினால், அதில் முன்பு தாமிரம் போட்டார்களா என்று கேளுங்கள். கல்லும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

ஆனால் சாமந்தியைக் கொல்வதில் தண்ணீரோடு போட்டி போடுவது டேங்குக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்பான வேவ் மேக்கர். சாமந்தி நடக்கும் உயிர். வாங்கிவந்த முதல் வாரங்களில் பிடித்த இடம் தேடி அலையும், பெரும்பாலும் இரவில். போகும் வழியில் பம்பின் உறிஞ்சுவாய் இருந்தால் காலையில் டேங்க் முழுக்க துண்டுகள்தான் மிதக்கும். ஒரு சாமந்தி அரைபட்டால் அந்த நச்சில் மீன்களும் போய்விடலாம். ஆகவே சாமந்தி வருவதற்கு முன்பே ஒவ்வொரு பம்புக்கும் ஸ்பாஞ்சு உறையோ நுண்வலையோ போட்டிருக்க வேண்டும். ஸ்பாஞ்சு வாரம் ஒருமுறை அலசாவிட்டால் அடைத்துக்கொண்டு ஓட்டம் குறையும். ஹீட்டருக்குக் காப்புக் கூண்டு, தண்ணீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃப்ளோவுக்குத் தடுப்பு, இரண்டும் அவசியம்.

முதல் சாமந்திக்கு, இழை நுனிகள் குமிழ் போல உப்பும் பபிள் டிப் இனத்தைத் தவிர வேறு எதையும் நான் சொல்லமாட்டேன். கார்ப்பெட் வகைகளும் மேக்னிஃபிகாவும் கண்ணைப் பறிக்கும், ஆனால் புதியவர் கையில் தங்குவதில்லை. கார்ப்பெட் மீனையே பிடித்துத் தின்னும். பபிள் டிப்புக்கு 150 லிட்டருக்குக் குறையாத டேங்க் வேண்டும். வாங்கும்போது வாயைப் பாருங்கள், இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். கல்லைப் பிடித்துக்கொள்ளும் அடிப்பகுதியான பாதத்தைப் பாருங்கள், கிழிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். தூய வெள்ளை நிறத்தில் இருப்பதை "அபூர்வம்" என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். சாமந்தியின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் ஒளியில் அதற்குச் சோறு சமைக்கிறது. அந்தப் பாசியை இழந்ததால் வந்த வெளுப்பு அது, பட்டினியின் நிறம். பளீரென்ற மஞ்சளோ ஊதாவோ சாயம் ஏற்றியதாகவும் இருக்கலாம்.

டேங்கில் விடுவதற்கு முன் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலந்து பழக்குங்கள். வேவ் மேக்கர்களை நிறுத்திவிட்டு, கல்லிடுக்கு ஒன்றின் அருகே பாதம் படும்படி வையுங்கள். பபிள் டிப்புக்குப் பாதம் இருட்டிலும் முகம் வெளிச்சத்திலும் இருக்க வேண்டும். ஒளி, பாசிக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் பார் மீட்டரில் 150 முதல் 250 வரை இருந்தால் போதும். எல்இடியை முதல் வாரம் குறைத்து வைத்து மெல்ல ஏற்றுங்கள். அது உச்சிக்கு ஏறினால் பெரும்பாலும் ஒளி போதவில்லை, கல்லுக்கு அடியில் ஒளிந்தால் ஒளியோ ஓட்டமோ அதிகம். பிடித்த இடத்தை அதுவே கண்டுபிடிக்கட்டும், இழுத்து இழுத்துப் பழைய இடத்தில் வைக்காதீர்கள். பாதம் கிழிந்தால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. பக்கத்தில் பவளங்கள் இருந்தால் சாமந்தி அவற்றைக் கொட்டிக் கருக்கிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தீனி விஷயத்தில் அன்புதான் எதிரி. வாரம் ஒருமுறை அல்லது இருமுறை, ஒரு சென்டிமீட்டர் அளவு இறால் துண்டு போதும். பெரிய துண்டைக் கொடுத்தால் மறுநாள் கக்கிவிடும், அது அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

க்ளவுன் மீனுக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். தொட்டியில் அந்த மீனுக்குச் சாமந்தி தேவையே இல்லை. ஆசெல்லாரிஸ் க்ளவுன் கடலில் பபிள் டிப்பை நாடும் இனமும் இல்லை, தொட்டியில் சிலது ஏற்கும், சிலது திரும்பியும் பார்க்காது. மரூன் க்ளவுனுக்குத்தான் பபிள் டிப் இயல்பான வீடு. சின்ன சாமந்தியில் பெரிய க்ளவுன் புகுந்து இடித்துக்கொண்டே இருந்தால் அது விரியவே முடியாமல் நலியும். எனவே சாமந்தி முதலில் வேரூன்றட்டும்.

சாமந்தி சுருங்கியதைப் பார்த்ததும் பதற வேண்டாம். பழைய தண்ணீரையும் கழிவையும் வெளியேற்ற அவ்வப்போது காற்றுப்போன பலூன் போல ஆகும், சில மணி நேரத்தில் மீண்டும் விரியும். வாய் பிளந்து உள்குடல் வெளியே தொங்கி, தொட்டால் அதன் இழைகள் கையில் ஒட்டாமல், தண்ணீரில் அழுகல் வாடை வந்தால் அது வேறு கதை. உடனே எடுத்துவிடுங்கள். கால்பங்கு தண்ணீரை மாற்றி, நச்சை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பன் புதிதாகப் போடுங்கள்.

எல்லாம் சரியாக ஓடினால் ஒருநாள் அதுவே இரண்டாகப் பிளந்து நிற்கும். திடீர் அதிர்ச்சியாலும் பிளக்கும், ஆகவே அன்றே தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். கடலில் பிடித்ததைவிட இப்படி டேங்கிலேயே பிறந்த துண்டுதான் புதியவருக்கு ஏற்றது. தொட்டி ஒளிக்கும் தொட்டித் தீனிக்கும் அது ஏற்கெனவே பழகியது. பல வருடம் சாமந்தி வளர்க்கும் ஒருவரிடம் சொல்லிவைத்துக் காத்திருந்து வாங்குங்கள். முடிந்தால் அது பிடித்திருக்கும் கல்லோடேயே கேளுங்கள், பாதத்தைப் பிய்க்கும் வேலையே இருக்காது.