செகண்ட் ஹேண்ட் கார் வாங்குனவனுக்கு ரீகால் லெட்டர் யாரு அனுப்புவா?

எனக்குத் தெரிஞ்ச முக்காவாசி பேருக்கு முதல் கார்னா செகண்ட் ஹேண்ட் தான். களியக்காவிளை பார்டர் தாண்டிப் போய் கேரளா நம்பர் கேஎல் வண்டி பாத்து, என்ஓசி வாங்கி நம்ம ஊர் நம்பர் டிஎன் 74, 75ன்னு மாத்துவோம், இல்லன்னா கல்ஃப்ல இருந்து லீவுக்கு வந்தவன் வாங்கி ரெண்டு வருஷம் ஓட்டிட்டு வித்துட்டுப் போனதா இருக்கும். வாங்கும்போது டயர் பாப்போம், பெயிண்ட் தட்டிப் பாப்போம், 2018 கேரளா வெள்ளத்துல நின்ன வண்டியான்னு கார்ப்பெட்டைத் தூக்கி மோந்துகூட பாப்போம். சீட் பெல்ட்டை மட்டும் ஒருத்தனும் இழுத்துப் பாக்க மாட்டான்.

ரீகால்னா, வித்த வண்டில கோளாறு இருக்குன்னு கம்பெனியே திரும்பக் கூப்பிட்டு சரி பண்ணிக் குடுக்குறது. 2022 டிசம்பர்ல மாருதி 9,125 வண்டியை அப்படி ரீகால் பண்ணுனது எத்தன பேருக்கு ஞாபகம் இருக்கு? சியாஸ், பிரெஸ்ஸா, எர்டிகா, எக்ஸ்எல்6, கிராண்ட் விட்டாரா. முன் சீட் பெல்ட்டை தோளுக்குத் தக்க ஏத்தி இறக்க சைடுல ஒண்ணு இருக்கும்லா, அதுக்குள்ள ஒரு சின்ன பார்ட்ல கோளாறு, பெல்ட்டு கழண்டுரலாம்னு சந்தேகம். அடுத்த மாசமே கிராண்ட் விட்டாரா மட்டும் 11,177, பின் சீட் பெல்ட்டைப் பிடிச்சிருக்க பிராக்கெட் போகப்போக லூசாகலாம்னு. ரெண்டுமே ஃப்ரீயா மாத்திக் குடுக்குறதுதான். உடனே நம்மாளுக "டப்பா வண்டிலே"ன்னு ஆரம்பிச்சிருவானுவ, ஆனா தப்பைச் சொல்லிக் கூப்பிடுற கம்பெனிய நான் திட்ட மாட்டேன். சொல்லாம இருந்தாத்தான் பயப்படணும்.

எனக்க கடுப்பு வேற. கம்பெனிக்காரன் கூப்பிடுறது அவன் ரெக்கார்டுல இருக்க நம்பருக்கு, அது பெரும்பாலும் வண்டிய முதல்ல வாங்குனவருக்க நம்பர். அவரு இப்ப மஸ்கட்ல இருப்பாரு. வண்டி மூணு கை மாறி தக்கலையில ஒரு வீட்டு ஷெட்டுல நிக்கும். மச்சான் வண்டிக்கு ரீகால் இருக்கான்னு ஒரு சர்வீஸ் சென்டர்ல கேட்டோம், "லெட்டர் வந்துச்சா சார், வரலன்னா ஒண்ணும் இருக்காது"ன்னு அந்தப் பையன் போனைப் பாத்துக்கிட்டே சொல்லுகான். அது எப்படி ஒண்ணும் இருக்காது? ஆர்சில சேசிஸ் நம்பர் இருக்கு, மாருதின்னா எம்ஏ3, எம்பிஜே இப்படி ஆரம்பிக்கும், அதை கம்பெனி சைட்ல போட்டா அந்த வண்டி லிஸ்ட்ல உண்டா இல்லையான்னு வந்துரும். இத அவனே அடிச்சுப் பாத்துருக்கலாம்.

பெல்ட்டுல என்ன கெட்டுப்போகும்னு கேக்குறவங்களுக்கு ஒரு பழைய கதை. 1995ல அமெரிக்காவுல டகாட்டாங்கிற ஜப்பான் கம்பெனி பண்ணுன பெல்ட்டுக்காக 80 லட்சத்துக்கு மேல வண்டிய ரீகால் பண்ணுனாங்க. காரணம் பக்கிள்ல நாம அமுக்குற அந்தச் செவப்பு பட்டன். வெயில் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் நொறுங்கி, துண்டு உள்ள விழுந்து, லாக் ஒழுங்கா விழாம போச்சு. பின்னாடி ஏர்பேக் கோளாறுல மாட்டி 2017ல திவாலானதும் அதே டகாட்டா தான். நம்ம கார் எல்லாம் குளச்சல் வெயில்ல கண்ணாடி ஏத்தி நாள் முழுக்க நிக்குது, பாத்துக்கோங்க.

நம்ம நாட்டுலயும் சட்டம் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்துக்க 2019 திருத்தத்துல ரீகால் உள்ள வந்துச்சு, 2021 ஏப்ரல்ல இருந்து விதியும் அமல்ல இருக்கு, கம்பெனிக்கு 1 கோடி வரை அபராதம் போடலாம். ஆனா அது 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிக்குத்தான். நாம வாங்குறதே எட்டு வருஷ வண்டி!

இதுக்கு மேல நாமளே பண்ணுற கூத்து தனி. புதுசா சீட் கவர் போட்டா பின் சீட்டு பக்கிள் மொத்தமும் உள்ள புதைஞ்சிரும், கைய விட்டுத் துழாவுனாலும் கிடைக்காது. 2022ல டாடா குழுமத்துக்க முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பின் சீட்டுல பெல்ட் இல்லாம இருந்து செத்தப்ப ஒரு மாசம் பேசினோம், அதோட சரி. பெல்ட் போடலன்னா அடிக்குற பீப் சத்தம் வராம இருக்க பக்கிள்ல சொருகுற கிளிப்பை ஆன்லைன்ல விக்கக் கூடாதுன்னு 2023ல அரசு ஆர்டர் போட்டு 13,118 லிஸ்டிங்கை தூக்குன பெறவும், அது இன்னும் சில வண்டில குத்தி இருக்கு.

ஆர்சி பேர் மாத்தும்போது இன்சூரன்ஸ் கேக்குறாங்க, பொகை சர்டிபிகேட் கேக்குறாங்க. அந்த நேரத்துலயே சேசிஸ் நம்பரைத் தட்டி ரீகால் பாக்கி இருக்கான்னு பாத்து, புது ஓனர் நம்பரை கம்பெனிக்கு அனுப்பி விட்டா போதும், எல்லாம் கம்ப்யூட்டர்ல தான கிடக்கு. அது வரது வரை மார்த்தாண்டத்துலயும் நாகர்கோவில்லயும் யூஸ்டு கார் பிசினஸ் பண்ணுற நண்பர்கள்கிட்ட கேக்கேன், வண்டிக்குப் பாலிஷ் போட்டு நிறுத்துற கையோட இத ஒண்ணு பாத்து பிரிண்ட் எடுத்துக் குடுப்பியளா? கமெண்ட்ல சொல்லுங்க, உங்க கடைக்கு நானே ஆள் அனுப்புகேன்.